கேளாத கொடை: அயல்நாட்டுத் தன்னார்வ ஆங்கில ஆசிரியப் பணியின் அறம்

முன்னுரை

கல்வியைக் கொடுப்பது பொருளைக் கொடுப்பதினும் உயர்ந்தது என்பது தமிழ் அறமரபில் வேரூன்றிய கருத்து. பொருள் கொடுக்குந்தோறும் கொடுப்பவரிடம் குறைகிறது; கல்வி அவ்வாறு குறைவதில்லை. ஆதலின் கற்பித்தல் என்னும் செயலைக் குறித்து ‘நன்றா, தீதா’ என்னும் வினா பொதுவாக எழுப்பப்படுவதில்லை. ஊதியம் பெறாமல், தம் செலவில் கடல் கடந்து சென்று, வறிய நாட்டுக் குழந்தைகளுக்கு ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்பிக்கும் தன்னார்வலரின் செயல் அவ்வினாவுக்கு முற்றிலும் அப்பாற்பட்டதாகவே தோன்றும். ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளில், இப்பணி நடைபெறும் நாடுகளிலிருந்தே இதற்கு எதிரான குரல்கள் எழுந்துள்ளன. அவற்றுள் கம்போடியா குறிப்பிடத்தக்கது. நல்லெண்ணத்தோடு செய்யப்பெறும் கற்பித்தல் பெறுவோர்க்குத் தீங்காக முடியுமாயின், அத்தீங்கிற்குக் கொடுத்தவர் பொறுப்பாவாரா? ஒரு கொடையை அளக்கும் கோல் கொடுப்பவரின் நெஞ்சமா, பெறுபவரின் நிலையா? இவ்வினாக்களைக் கம்போடியச் சூழலை முன்னிறுத்தியும், கொடை, கற்பித்தல் ஆகியன குறித்துத் தொல்காப்பியம், புறநானூறு, திருக்குறள், நன்னூல் ஆகியவற்றில் காணப்பெறும் கருத்தாக்கங்களைத் துணைக்கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தன்னார்வப் பணியின் வளர்நிலை

அயல்நாட்டுத் தன்னார்வ ஆசிரியப் பணி நிறுவன வடிவம் பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்திலாகும். பிரிட்டனில் அலெக் டிக்சன் என்பவரின் முயற்சியால் 1958இல் ‘வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்’ என்னும் அமைப்புத் தோன்றியது. பள்ளிக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழகம் புகக் காத்திருந்த இளைஞர்களையே அது முதலில் அனுப்பியது. 1961இல் அமெரிக்காவில் கென்னடி அரசு ‘பீஸ் கோர்’ அமைப்பை நிறுவியது. கல்விப்பணியே அதன் மிகப் பெரிய துறையாக அமைந்தது.

பிரித்தானிய அமைப்பின் பின்னைய வரலாறு இவ்வாய்விற்கு இன்றியமையாதது. 1962 முதல் அது பட்டதாரிகளை அனுப்பத் தொடங்கியது. 1980 அளவில் தொழில்தகுதி அற்றவர்களை அனுப்புவதை முற்றிலும் கைவிட்டுப் பணிக்காலத்தையும் ஈராண்டாக நீட்டித்தது. ஆர்வம் மட்டும் தகுதியாகாது என்பதை இத்துறையின் முன்னோடி அமைப்பே தன் பட்டறிவால் உணர்ந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆயின் அவ்வமைப்புக் கைவிட்ட வழக்கத்தைச் சுற்றுலாத் தொழில் கைக்கொண்டது. சில வாரங்கள் மட்டும் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புவோரிடம் கட்டணம் பெற்று அனுப்பும் நிறுவனங்கள் 1990களுக்குப் பின் பெருகின. இங்குக் கட்டணம் செலுத்துபவர் தன்னார்வலர். ஆகவே நிறுவனம் நிறைவு செய்ய வேண்டியது தன்னார்வலரின் எதிர்பார்ப்பையே ஆகிறது. குழந்தையின் தேவை அடுத்த இடத்திற்குச் செல்கிறது. இந்தியப் பல்கலைக்கழக மாணவரும் இத்தகைய பயணங்களில் பங்கேற்பதால், இது மேலைநாட்டார்க்கு மட்டும் உரிய வினாவன்று.

கம்போடியச் சூழல்

கம்போடியா 1863 முதல் 1953 வரை பிரெஞ்சு ஆட்சிக் காப்பில் இருந்த நாடு. 1975 முதல் 1979 வரை நிகழ்ந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டன. கற்றவராயிருத்தலே குற்றமெனக் கருதப்பட்டது. ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் மடிந்தனர். 1991ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின்னர், 1992–93இல் ஐக்கிய நாடுகள் அவையின் இடைக்கால நிருவாகம் அங்கு அமைந்தபோது ஆங்கிலத்தின் தேவை திடீரெனப் பெருகியது. 1999இல் கம்போடியா ஆசியான் அமைப்பில் இணைந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம் ஆங்கிலத்தை அவ்வமைப்பின் பணிமொழியாக அறிவித்தது. அங்கோர் கோயில்களைக் காணவரும் பயணிகளால் சியம் ரீப் நகரின் விடுதிகளும் கடைகளும் வளர, ஆங்கிலம் அறிதல் பிழைப்பிற்குரிய வழியாகவே ஆயிற்று. ஆங்கிலக் கல்விக்கான வேட்கை அந்நாட்டில் உண்மையானது என்பதை மறுத்தற்கில்லை.

இவ்வேட்கையே ஒரு தீங்கிற்கும் வாயிலாயிற்று. 2005க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கம்போடியாவின் ஆதரவற்றோர் இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. போர் முடிந்து, வறுமை குறைந்துவந்த காலத்தில் இப்பெருக்கம் நிகழ்ந்தது. 2011இல் அந்நாட்டுச் சமூகநல அமைச்சகமும் யூனிசெப் நிறுவனமும் வெளியிட்ட ஆய்வு, அவ்வில்லங்களில் வாழ்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடு இருந்தமையை எடுத்துக்காட்டியது. தாய்தந்தையர் பலர் தம் மக்களை அங்கு அனுப்பியதற்குக் காரணம், கல்வி கிடைக்கும் என்னும் நம்பிக்கை. இல்லங்களை நடத்தியோரிற் சிலர்க்கோ, குழந்தைகள் இருந்தால்தான் வெளிநாட்டுத் தன்னார்வலர் வருவர். அவர்கள் வந்தால்தான் நன்கொடை வரும். வறுமை நீங்கினால் வருவாயும் நீங்கும் என்ற நிலையில், குழந்தைகளை வறியவராகவே தோன்றச் செய்வதும் சில இல்லங்களில் நிகழ்ந்தது.

ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் இத்தீங்கைச் செய்ய எண்ணியவரல்லர். ஆயினும் அவருடைய வருகையே குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் தேவையை உருவாக்கிற்று. கல்வி என்னும் கொடையே தூண்டில் இரையாக மாறியது என்பது இங்கு நுணுகி நோக்கத்தக்கது. கம்போடிய அரசு 2015இல் இல்லங்களை நெறிப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்ததும், பின்னர் அவற்றில் வாழ்ந்த குழந்தைகளுள் 30 விழுக்காட்டினரைக் குடும்பங்களுக்குத் திருப்பும் இலக்கை மேற்கொண்டதும், 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவை பெற்றோர் பராமரிப்பை இழந்த குழந்தைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தில் இவ்வகைச் சுற்றுலாவைச் சுட்டியதும் இதன் விளைவுகளே.

ஈ, தா, கொடு: கேட்பவர் யார்?

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்தி வரையறுக்கிறது. கேட்பவர் தாழ்ந்தவராயின் ‘ஈ’ என்றும், ஒத்தவராயின் ‘தா’ என்றும், உயர்ந்தவராயின் ‘கொடு’ என்றும் கூறுதல் மரபு. ஒருவர் மற்றொருவர்க்கு ஒன்றை அளிக்கும் செயலில் இருவர்க்கும் இடையிலான நிலைவேறுபாடு மொழியிலேயே பதிந்துள்ளது என்பதற்கு இவ்விலக்கணம் சான்று. அறிஞர்கள் பெரிதும் சுட்டுவது இந்நிலைவேறுபாட்டையே. ஆயின் இவ்வாய்விற்கு வேண்டுவது அதற்கு அடிப்படையாய் அமைந்த மற்றொரு செய்தி. தொல்காப்பியர் இம்மூன்றையும் இரத்தற்குரிய சொற்களாகவே வகுக்கிறார். அஃதாவது, மூன்றிலும் கேட்பவர் ஒருவர் உண்டு. தாழ்ந்தவராயினும் அவர் வாய் திறந்து தமக்கு வேண்டியதைத் தாமே சொல்கிறார்.

கம்போடிய இல்லத்தில் இருக்கும் குழந்தையின் நிலை ‘ஈ’ என்று கேட்பவரின் நிலையினும் கீழ்ப்பட்டது. இத்தனை வாரங்களுக்கு இன்ன ஆசிரியர் வேண்டும் என்று அது கேட்டதில்லை. வந்தவரை வேண்டா என்று மறுக்கவும் அதற்கு இயலாது. அதன் பெற்றோர் கேட்டது கல்வி, கிடைத்தது பிரிவு. கேட்டவர் இல்ல நடத்துநர்; அவர் கேட்டது வருவாய். 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு எனத் தன் 12ஆம் உறுப்பில் கூறுகிறது. கம்போடியா 1992இல் அதனை ஏற்றது. கேட்கும் குரலைப் பெறுபவர்க்கு மீட்டளிப்பதே இவ்வுறுப்பின் உட்பொருள் எனலாம்.

இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் அமெரிக்கத் தன்னார்வ மாணவரிடையே ஆற்றிய உரை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. ஏழையர்க்கு உதவ விரும்பினால், உதவி வேண்டா என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஏழையரிடம் செல்லுங்கள் என்பது அவ்வுரையின் சாரம். மொழி அறியாதவரிடம் மறுப்பும் சென்று சேராது. மறுக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் ஏற்பு என்பதற்கும் பொருளில்லை.

கொடைமடமும் இழப்பின் பங்கீடும்

கேட்டபின் கொடுப்பதே அறமெனக் கொண்டால், கேளாமற் கொடுத்த வள்ளல்களை என்னென்பது என்னும் தடை எழும். முல்லைக்கொடி பாரியிடம் தேரைக் கேட்கவில்லை. மயில் பேகனிடம் போர்வையைக் கேட்கவில்லை. ஆயினும் சங்கச் சான்றோர் அவர்களைப் பாடினர். பரணர் பேகனின் இவ்வியல்பைக் ‘கொடைமடம்’ எனக் குறித்தார். தகுதியும் தேவையும் ஆராயாமற் கொடுப்பதாகிய மடமை, வசையாகாமற் புகழாயிற்று.

இத்தடைக்குரிய விடை, அம்மடமையால் இழந்தவர் யார் என்பதில் உள்ளது. பாரி தேரை இழந்தான், முல்லைக்கு இழப்பில்லை. பேகன் போர்வையை இழந்தான், மயிலுக்குக் கேடில்லை. கொடுப்பவரின் அறியாமைக்குரிய விலையைக் கொடுப்பவரே செலுத்தும்போது அவ்வறியாமை அழகாகிறது. அவ்விலையைப் பெறுபவர் செலுத்த நேரும்போது அது கொடைமடம் ஆகாது. வெறும் மடமாகவே எஞ்சும். கம்போடிய இல்லங்களில் தன்னார்வலர் சில வாரங்களின் பயன்களைப் பெற்று ஊர் திரும்புகிறார். குழந்தையோ ஒருவர் பின் ஒருவராக வருவோரிடம் அன்பு கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இழக்கிறது. நிலையான பராமரிப்பை இழக்கும் குழந்தையின் உளநலம் கெடும் என்பதை ஜான் பௌல்பி 1951இல் உலக நல நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கையிலேயே விளக்கினார்.

நன்மை செய்தலிலும் தவறு நேர இடமுண்டு என்று வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தில் வெளிப்படையாகவே கூறுகிறார். செய்யப்படுவோரின் இயல்பை அறியாமற் செய்தலே அத்தவற்றிற்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது. அவ்வதிகாரம் அரசியலைச் சார்ந்ததாயினும், அக்கருத்துக் கொடைக்கும் பொருந்துவதே. இதன்வழி, முன்னுரையில் எழுப்பிய பொறுப்பு பற்றிய வினாவுக்கு விடை காணலாம். தீங்கை அறிந்தபின்னும் தொடர்பவர் பொறுப்பாவார் என்பதில் ஐயமில்லை. அறியாதவரும், அறியக்கூடியதை வினவாமற் சென்ற அளவிற்குப் பொறுப்பாவார். அறியாமை அவரது குற்றத்தைக் குறைக்கலாம். வினவும் கடமையை நீக்காது.

நன்னூல் காட்டும் ‘ஈதல்’

நன்னூலின் பொதுப்பாயிரம் கற்பித்தலை ‘ஈதல்’ என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. மாணாக்கனைக் ‘கொள்வோன்’ என்கிறது. எனவே கற்பித்தலைக் கொடையின் ஒரு வகையாகக் கருதுவதற்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும் என்பது பவணந்தியார் வகுக்கும் கட்டுப்பாடு. ஆசிரியரின் குலத்தையும் தகுதியாகச் சுட்டும் காலத்து நூல் அது என்பதை மறத்தலாகாது. ஆயினும் கற்பித்தலின் அளவுகோலைக் கொள்வோனிடத்தில் வைக்கும் அதன் அமைப்பு இன்றும் ஏற்கத்தக்கது.

ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் இரண்டு இங்குப் பொருந்துகின்றன. முதலாவது மடற்பனை. அது தானாக உதிர்ப்பதைப் பொறுக்கிக் கொள்ளலாமே தவிர, தேவையுடையவர் அணுகித் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள இடந்தராது. தமக்குத் தெரிந்த பாட்டையும் விளையாட்டையும் கற்பித்துச் செல்லும் குறுங்காலத் தன்னார்வலர் மடற்பனையை ஒப்பர். இரண்டாவது கழற்குடம். கழற்காய்களை இட்டு நிரப்பிய குடம், இட்ட முறையில் அவற்றை வெளியிடாது. வாரத்திற்கொருவர் மாறும் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுத்திலிருந்தும் எண்ணிலிருந்தும் மீண்டும் தொடங்குவதால், குழந்தை அதே பாடத்தைப் பலமுறை கேட்கிறது. அடுத்த பாடத்தை அடைவதில்லை. இங்குக் குடம் எனத்தக்கது தனியொருவர் அன்று. அம்முறை முழுவதுமே ஆகும்.

மொழியறிவு பற்றியும் சில கூறவேண்டும். கெமர் மொழியின் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. ஆயின் மொழியின் இயல்பு வேறு. கெமர் வினைச்சொற்கள் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. காலம் தனிச்சொற்களால் உணர்த்தப்படும். சொல்லிறுதியில் மெய்கள் அடுக்கி வருவதும் இல்லை. ஆகவே கெமர் மாணவர்க்கு ஆங்கில இறந்தகால வடிவம் இருமடங்கு இடர்ப்பாடு தருவது. அதன் பொருளும் புதிது, அதன் ஒலியும் புதிது. இவ்விடர்ப்பாட்டைத் தானும் கடந்துவந்த கம்போடிய ஆசிரியர் அதனை முன்னுணர்வார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டமையாலேயே ஒருவர் அதனைக் கற்பிக்கத் தகுதியுடையவராவர் என்பது பிழையான கருத்து என ராபர்ட் பிலிப்சன் தம் 1992ஆம் ஆண்டு நூலில் நிறுவியதும் இதனோடு இயைவது. அப்பிழை தகுதியற்றவரை வகுப்பில் நிறுத்துவதோடு அமையாது, தகுதியுடைய உள்ளூர் ஆசிரியரின் மதிப்பையும் குறைக்கிறது. அரசுப்பள்ளி ஆசிரியர் மாலைநேரத் தனிவகுப்புகளால் தம் குறைந்த ஊதியத்தை ஈடுசெய்வது கம்போடியாவில் நெடுநாள் வழக்கம். விலையின்றிக் கிடைக்கும் வெளிநாட்டு வகுப்பு அவ்வருவாயையும் தாக்க வல்லது.

எதிர்வாதங்கள்

ஒன்றும் கிடைக்காமையினும் சிறிது கிடைத்தல் நன்றன்றோ என்பது முதல் எதிர்வாதம். ஆசிரியர் செல்லாத சிற்றூரில் ஒரு மாத காலம் கற்ற ஆங்கிலமும் பயன் தரலாம் என்பது உண்மையே. குழந்தை தன் பெற்றோரோடு வாழ்ந்து, தன் ஊர்ப்பள்ளியில் பயின்று, வருபவர் கூடுதலாகச் சிறிது கற்பிக்கும் இடங்களில் இவ்வாதம் வலுவுடையது. ஆனால் அச்சிறிதை வழங்குவதற்காகக் குழந்தை இல்லத்தில் வைக்கப்படும் இடத்தில் ‘ஒன்றும் கிடைக்காமை’ என்பது உண்மையான மாற்றுநிலை ஆகாது. குடும்பமே அங்கு மாற்றுநிலை.

தன்னார்வலர் தாமும் பயன் பெறுகிறார். ஆதலின் அது கொடையே ஆகாது என்பது இதற்கு மறுதலையான வாதம். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை எனவும், ஏனையவை அளந்து திரும்பப் பெறும் கடன் போன்றன எனவும் வள்ளுவர் வகுத்தமை இதற்குத் துணையாகக் காட்டப்படலாம். பட்டறிவும் சான்றிதழும் பெறுதல் தன்னளவில் குற்றமாகாது. அயல்நாட்டில் வாழ்ந்து கற்றுக்கொள்ளும் இளைஞர் கற்கவே செல்கிறார் என்று ஒளிவின்றிச் சொல்லலாம். கற்றலைக் கொடை என்று பெயர் மாற்றும்போதுதான், நன்றி செலுத்தும் கடமை திசைமாறிக் குழந்தையின்மேல் விழுகிறது.

ஈகையும் ஒப்புரவும்

திருக்குறள் ‘ஈகை’ அதிகாரத்திற்கு முன்னர் ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்தை வைத்துள்ளது. ஒப்புரவுக்கு அதில் அமைந்த உவமைகள் நீர் நிறைந்த ஊருணி, ஊர்நடுவே பழுத்த பயன்மரம், மருந்தாகும் மரம் ஆகியன. மூன்றும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை. யார் வேண்டுமாயினும், வேண்டும்போது, வேண்டும் அளவு எடுத்துக்கொள்ளும் உரிமை பெறுபவரிடம் இருக்கிறது. தானே உதிர்க்கும் மடற்பனைக்கு நேர்மாறானது ஊர்நடுவே நிற்கும் இப்பழமரம்.

ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலாத அயலவர் ஊருணி ஆதல் அரிது. ஆயின் ஊரிலேயே இருக்கும் ஊருணியை ஆழப்படுத்த அவரால் இயலும். 2007 முதல் கம்போடியாவிற்கு அனுப்பப்பெற்ற பீஸ் கோர் ஆங்கில ஆசிரியர்கள், கெமர் மொழிப்பயிற்சி பெற்று, அரசுப்பள்ளிகளில் கம்போடிய ஆசிரியர்களுக்கு இணையாக நின்று ஈராண்டு பணியாற்றும் முறையில் அமர்த்தப்பட்டனர். அம்முறையை ஒரு நாட்டின் அயலுறவு நோக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பது வேறு செய்தி. ஆயினும், கொள்வோர் இங்குக் குழந்தையாக மட்டும் இல்லாமல், வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் வல்ல ஆசிரியராகவும் அமைகிறார். அவர் ‘தா’ என்று கேட்கும் ஒப்போர். அயலவர் நீங்கியபின்னும் வகுப்பு அவரிடம் தொடர்கிறது.

முடிவுரை

அயல்நாட்டுத் தன்னார்வ ஆசிரியப் பணியை முற்றிலும் அறமென்றோ முற்றிலும் தீதென்றோ கூறுதல் பொருந்தாது. மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

கற்பித்தல் ஈதலாயின், அதன் அளவுகோல் கொள்வோரிடத்தே அமையும். கொடுப்பவரின் நல்லெண்ணம் தேவையானதே, போதுமானதன்று.

கேட்கவும் மறுக்கவும் இயலாதவர்க்குக் கொடுக்கும்போது கொடுப்பவரின் பொறுப்புக் கூடுகிறது. குழந்தையின் மௌனத்தை இசைவாகக் கொள்ளுதல் கூடாது.

அறியாமற் கொடுத்தல் புகழாவது, அவ்வறியாமையின் இழப்பு முழுவதும் கொடுப்பவரையே சாரும்போதுதான். அவ்விழப்புக் குழந்தையைச் சாரும் இடத்தில் கொடைமடம் என்னும் பெயர் பொருந்தாது.

அயலவர்க்குரிய இடம் குழந்தைகளின் முன்னிலையினும், உள்ளூர் ஆசிரியரின் பக்கத்திலேயே பொருத்தமாக அமைகிறது. அங்குதான் ஈகை ஒப்புரவாக உயர வழியுண்டு.

கடல் கடந்து கற்பிக்கச் செல்ல விழையும் மாணவர், ‘நான் எதைக் கொடுக்கலாம்’ என்று வினவுவதற்கு முன்னர், ‘என்னைக் கேட்டவர் யார், அவர் கேட்டது எது, நான் நீங்கியபின் அங்கு நிற்பவர் யார்’ என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். இவற்றிற்கு விடை கிடைக்காத இடத்திற்குச் செல்லாதிருத்தலும் ஓர் அறமே.